சீட்டு இருந்தும் வாசலில்: உதைபந்தாட்ட அரங்கில் ஓர் இடத்துக்கான வரிசை

2022ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி இரவு. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் நாங்கள் ரோக்கனுடன் நாட்கணக்காக வரிசையில் நின்ற காலம் அது. பாரிஸில் லிவர்பூலுக்கும் ரியல் மட்ரிட்டுக்கும் இடையிலான சம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி எங்கள் நேரப்படி நள்ளிரவு 12.30க்கு ஆரம்பமாக வேண்டும். ஆரம்பமாகவில்லை. ரசிகர்கள் பிந்தி வந்ததால் போட்டி தாமதமாகிறது என்று அரங்கின் பெரிய திரையில் அறிவிப்பு ஓடியது.

அந்த நாட்களில் ஓர் இணையச் செய்தித்தளத்துக்கு இரவுநேரச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். திரையில் ஓடியதை அப்படியே எடுத்து, ‘ரசிகர்களின் தாமத வருகையால் இறுதிப்போட்டி பிந்துகிறது’ என்று மூன்று வரி எழுதிப் பதிவேற்றிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தபோது, லண்டனில் வாழும் என் பெரியப்பாவின் மகன் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு இருந்தது. அவர் பல ஆண்டுகளாக லிவர்பூல் ரசிகர். அன்று சீட்டு எடுத்துக்கொண்டு பாரிஸுக்குப் போயிருந்தார். “தங்கச்சி, ஆறு மணியில இருந்து இதிலதான் நிக்கிறம். ரிக்கெட் கையில இருக்கு. உள்ள விடுறாங்கள் இல்ல. இப்ப கண்ணீர்ப்புகை அடிக்கிறாங்கள்.” பின்னால் பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டது. மத்தியானம் அவர் எடுத்துக் கதைத்தபோது கோபப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: “நீயும் நாங்கள் பிந்தி வந்தனாங்கள் எண்டோ எழுதினனீ?”

நான் ஊடகக் கற்கை படித்தவள். தவறான செய்தி பாதிக்கப்பட்டவர்களை எப்படி இரண்டாம் முறை கொல்லும் என்பதற்கு எங்கள் வகுப்பில் காட்டப்பட்ட முதல் உதாரணமே ஓர் உதைபந்தாட்ட அரங்குதான். இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ. அதே நகரத்து ரசிகர்கள் மீது, அதே குற்றச்சாட்டை, 33 ஆண்டுகளுக்குப் பிறகு நானும் ஒருதரம் எழுதியிருந்தேன். திருத்தம் வெளியிட்டோம். முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் படித்தார்கள் என்பது வேறு கதை.

இந்தக் கட்டுரை அந்தக் கடனுக்காக எழுதப்படுகிறது. பெரிய போட்டிகளுக்கான இடமும் சீட்டும் எப்படிப் பங்கிடப்படுகின்றன, அந்தப் பங்கீடு பிழைக்கும்போது என்ன நடக்கிறது, பழி யார் மீது விழுகிறது, அந்தப் பழி எப்படித் துடைக்கப்பட்டது என்பதை ஒரே இடத்தில் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

சீட்டு எப்படிக் கிடைக்கிறது?

எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் இடம் பிடிப்பது பெரிய வேலையல்ல. நேரத்துக்குப் போனால் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கலாம். பிந்திப் போனால் மதில், அதுவும் இல்லையென்றால் சைக்கிள் கரியர். இங்கிலாந்தின் பெரிய கழகங்களில் நிலைமை வேறு. ஆசனங்களில் பெரும் பகுதி பருவகாலச் சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் போய்விடும். அந்தச் சீட்டை வாங்கக் காத்திருப்போரின் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீளும். மிச்ச ஆசனங்களுக்குக் கழக உறுப்பினர்கள் போட்டியிட வேண்டும். சில கழகங்கள் முன்பு எத்தனை போட்டிகளுக்கு வந்தீர்கள் என்று எண்ணி அதன்படி முன்னுரிமை கொடுக்கின்றன. சில குலுக்கல் நடத்துகின்றன.

வெளியூர்ப் போட்டிக்கு இன்னும் இறுக்கம். பிரீமியர் லீக்கில் விருந்தினர் அணியின் ரசிகர்களுக்கு 3,000 ஆசனங்கள் அல்லது அரங்கின் கொள்ளளவில் பத்து வீதம், இவற்றில் எது குறைவோ அதுவே ஒதுக்கப்படும்.

இறுதிப்போட்டிகளில் கணக்கு மாறும். பாரிஸ் அரங்கில் சுமார் 75,000 பேர் இருக்கலாம். இரு கழகங்களுக்கும் தலா இருபதாயிரம் அளவிலேயே சீட்டுகள் ஒதுக்கப்பட்டன. மீதி பொதுக் குலுக்கலுக்கும், உதைபந்தாட்டக் கூட்டமைப்புகளுக்கும், அனுசரணை நிறுவனங்களுக்கும், ஒளிபரப்பாளர்களுக்கும் போனது. ஆண்டு முழுவதும் அணியின் பின்னால் அலைந்தவர்களில் பலருக்கு இறுதிநாளில் இடமில்லாமல் போவது இதனால்தான். இப்படி இல்லாமற்போகும் இடத்தில்தான் கள்ளச்சந்தை பிறக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அனுமதியின்றி உதைபந்தாட்டச் சீட்டை மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் இருந்தும் சந்தை ஓயவில்லை.

சீட்டு ஏன் வந்தது?

பெரிய போட்டிக்கு முன்கூட்டியே சீட்டு விற்பது என்பது ஒரு விபத்து மயிரிழையில் தவறியதால் வந்த வழக்கம். 1923 ஏப்ரல் 28. லண்டனில் புதிதாகக் கட்டப்பட்ட வெம்பிளி அரங்கின் முதல் எஃப்.ஏ. கிண்ண இறுதிப்போட்டி. போல்டனும் வெஸ்ட் ஹாமும் மோதின. வாசலில் காசு கட்டி உள்ளே போகலாம் என்று விட்டார்கள். கணக்கில் பதிவானவர்கள் 126,047 பேர். மதில் ஏறியும் தடைகளைத் தாண்டியும் நுழைந்தவர்களையும் சேர்த்தால் இரண்டு இலட்சம் வரும் என்பது பரவலான மதிப்பீடு. சனம் ஆடுகளம் முழுக்க நின்றது. குதிரைப் பொலிஸார் மெல்ல மெல்லச் சனத்தைக் கோட்டுக்கு வெளியே நகர்த்திய பிறகு, முக்கால் மணித்தியாலம் பிந்தி ஆட்டம் தொடங்கியது. வெள்ளைக் குதிரை ஒன்றின் பெயரால் அந்தப் போட்டி இன்றும் அறியப்படுகிறது. அதன் பின்னர் கிண்ண இறுதிப்போட்டிகளுக்கு முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும் என்றானது.

மற்ற அரங்குகளில் பாடம் அவ்வளவு மலிவாகக் கிடைக்கவில்லை. 1946 மார்ச்சில் போல்டனின் பேர்ண்டன் பார்க் அரங்கில் நெரிசலில் 33 பேர் இறந்தார்கள். 1971 ஜனவரி 2ஆம் திகதி கிளாஸ்கோவின் ஐப்ரொக்ஸ் அரங்கிலிருந்து சனம் வெளியேறும்போது படிக்கட்டில் நெரிபட்டு 66 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் விசாரணை நடந்தது, பரிந்துரைகள் வந்தன. அரங்குகள் பெரும்பாலும் பழையபடியே இருந்தன.

ஹில்ஸ்பரோ: 10,100 பேருக்கு ஏழு வாயில்கள்

1989 ஏப்ரல் 15, சனிக்கிழமை. ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலும் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட்டும் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதியில் ஆட இருந்தன. ஆரம்பம் பிற்பகல் 3 மணி. இரு அணிகளின் ரசிகர்களையும் தனித்தனிப் பக்கங்களில் வைக்கப் பொலிஸார் முடிவெடுத்தனர். ஆதரவாளர் தொகை கூடிய லிவர்பூலுக்குச் சிறிய பக்கம் கிடைத்தது.

இனி வருவது கணக்கு. லிவர்பூல் ரசிகர்களுக்கு 24,256 சீட்டுகள். அவர்கள் எல்லோரும் லெப்பிங்ஸ் லேன் என்ற ஒரே ஒடுங்கிய பக்கத்தால், 23 சுழல்வாயில்கள் வழியாக உள்ளே போக வேண்டும். சுழல்வாயில் என்பது ஒருவர் பின் ஒருவராக மட்டும் நுழையக்கூடிய இரும்புச் சுற்றுக்கதவு. அந்த 24,256 பேரில் 10,100 பேரிடம் நின்று பார்க்கும் சீட்டு இருந்தது. அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட சுழல்வாயில்கள் ஏழே ஏழு. ஒரு சுழல்வாயிலால் மணிக்கு 750 பேருக்கு மேல் கணக்கிடக் கூடாது என்பது அன்றைய பாதுகாப்பு வழிகாட்டி. ஏழு வாயிலும் ஒரு கணமும் நிற்காமல் சுழன்றாலும் அத்தனை பேரும் உள்ளே போகக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் வேண்டும். பிந்தி வந்தார்களா, குடித்திருந்தார்களா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இந்தக் கணக்கில் இருக்கிறது. அதைக் கேட்கப் பலருக்கு 27 ஆண்டுகள் எடுத்தது.

இரண்டரை மணிக்கு வாயிலின் முன்னால் சனம் நெரிபடத் தொடங்கியது. வெளியே நின்ற பொலிஸ் அதிகாரி ஒருவர், பெரிய கதவைத் திறக்காவிட்டால் இங்கேயே ஆட்கள் சாவார்கள் என்று கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்தார். போட்டிக்குப் பொறுப்பான தலைமை அதிகாரி டேவிட் டக்கன்ஃபீல்ட், அந்தப் பதவிக்கு வந்து மூன்று வாரங்கள்கூட ஆகாதவர். 2.52க்கு ‘சி’ கதவைத் திறக்க அனுமதித்தார். ஏறத்தாழ 2,000 பேர் உள்ளே நடந்தார்கள். அவர்களுக்கு நேர் முன்னால் ஒரு சுரங்கப்பாதை. அது போய்ச் சேரும் இடம் 3ஆம், 4ஆம் இலக்க அடைப்புகள். பக்கமும் முன்னும் கம்பிவேலி போட்ட அந்த அடைப்புகள் ஏற்கெனவே நிரம்பி வழிந்தன. முந்தைய ஆண்டு அதே இரு அணிகளும் அதே அரங்கில் ஆடியபோது, அடைப்புகள் நிரம்பியதும் சுரங்கப்பாதையை மறித்து ஆட்களைப் பக்க அடைப்புகளுக்கு அனுப்பியிருந்தார்கள். இம்முறை யாரும் மறிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கி ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. அதற்குள் முன்வரிசையில் இருந்தவர்கள் வேலியோடு நசிந்து மூச்சடைத்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி, அவற்றில் வைத்துக் காயப்பட்டவர்களைத் தூக்கி ஓடியவர்கள் ரசிகர்கள். இறந்தவர்களின் தொகை இன்று 97. கடைசியானவர் அன்றைய காயங்களோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021இல் இறந்தார். ஆகச் சிறியவர் பத்து வயதுச் சிறுவன்.

பொய் முதலில் போனது

சடலங்கள் இன்னும் மைதானத்தில் கிடக்கும்போதே, ரசிகர்கள் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தார்கள் என்று டக்கன்ஃபீல்ட் உதைபந்தாட்டச் சங்க அதிகாரிகளிடம் சொன்னார். கதவைத் திறக்க உத்தரவு கொடுத்தவர் அவரே. அந்தச் சொல் சில நிமிடங்களில் ஒலிபரப்பில் போனது. அது பொய் என்று அவர் ஒப்புக்கொண்டது 2015இல், மரண விசாரணை நீதிமன்றத்தில்.

இறந்தவர்கள் எல்லோரின் இரத்தத்திலும், சிறுவர்கள் உட்பட, மதுசாரம் இருக்கிறதா என்று பரிசோதித்தார்கள். பிள்ளையை அடையாளம் காட்ட வந்த பெற்றோரிடம் அவன் எவ்வளவு குடித்தான் என்று கேட்டார்கள். நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 19ஆம் திகதி, ‘சன்’ பத்திரிகை ‘உண்மை’ என்ற பெருந்தலைப்பின் கீழ், ரசிகர்கள் இறந்தவர்களின் பையைத் திருடினார்கள், பொலிஸார் மீது சிறுநீர் கழித்தார்கள் என்று முதற்பக்கத்தில் எழுதியது. அப்பத்திரிகையை லிவர்பூலில் இன்றும் பலர் கையால் தொடுவதில்லை. எங்கள் வகுப்பில் காட்டப்பட்டது அந்தப் பக்கத்தின் பிரதிதான்.

நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை அதே ஆண்டு ஓகஸ்டில் வந்தது. பிரதான காரணம் பொலிஸ் கட்டுப்பாடு தவறியதே என்று அது தெளிவாகச் சொன்னது. சீட்டில்லாத பெருங்கூட்டம் ஒன்று வந்தது என்ற கதையையும் அது நிராகரித்தது. சுழல்வாயில்களின் எண்ணிக்கைப் பதிவையும் காணொளியையும் வைத்து உள்ளே போனவர்களைக் கணக்கிட்டபோது, விற்ற சீட்டுகளின் தொகையோடு அது ஏறத்தாழப் பொருந்தியது. வாசலில் சுற்றிய இரும்புக் கதவின் எண்ணே ரசிகர்களுக்குச் சாட்சியானது.

ஆனால் அறிக்கை வந்தும் பொய் சாகவில்லை. 1991இல் மரண விசாரணை ‘தற்செயல் மரணம்’ என்று முடிவு சொன்னது. பிற்பகல் 3.15க்குப் பிறகு நடந்த எதையும் ஆராய வேண்டியதில்லை, அதற்குள் எல்லோரும் காப்பாற்ற முடியாத நிலையை அடைந்துவிட்டார்கள் என்று மரண விசாரணை அதிகாரி வரையறுத்தார். அம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்ற கேள்வி அந்த ஒரு கோட்டால் அடைக்கப்பட்டது.

ஆன் வில்லியம்ஸ் என்ற தாய் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. அவரது மகன் கெவினுக்கு 15 வயது. 3.15க்குப் பிறகும் கெவின் உயிரோடு இருந்தான் என்று சொல்லக்கூடியவர்களின் சாட்சியத்தை அவர் தேடிச் சேர்த்தார். அன்று கடமையில் இருந்த பொலிஸ் உறுப்பினர்களும் அவர்களில் அடக்கம். மேன்முறையீடுகள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. அவர் கோப்புகளை மூடவில்லை.

2012 செப்டெம்பர் 12ஆம் திகதி, லிவர்பூல் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான சுயாதீனக் குழு 450,000 பக்கத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. பொலிஸாரின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அவற்றில் 116 வாக்குமூலங்களில் பொலிஸுக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டிருந்தன. இறந்தவர்களில் 41 பேர் உரிய சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்பதும் தெரியவந்தது. 3.15 என்ற கோடு அன்றோடு அழிந்தது. அந்த ஆண்டு டிசெம்பரில் பழைய முடிவுகள் இரத்துச் செய்யப்பட்டன. நான்கு மாதங்களில் ஆன் வில்லியம்ஸ் புற்றுநோயால் காலமானார்.

2016 ஏப்ரல் 26ஆம் திகதி புதிய விசாரணையின் நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமல்ல என்றும் தீர்ப்பளித்தது.

இதை முழு வெற்றி என்று சொல்ல முடியாது. டக்கன்ஃபீல்ட் 2019இல் குற்றவாளி அல்ல என்று விடுவிக்கப்பட்டார். வாக்குமூலங்களைத் திருத்திய வழக்கு 2021இல் நின்றுபோனது. அந்த வாக்குமூலங்கள் பொது விசாரணைக்காகத் தயாரிக்கப்பட்டவை, நீதிமன்றத்துக்காக அல்ல என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இந்தப் பேரழிவுக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்: அன்றைய ஷெஃபீல்ட் வெட்னெஸ்டே கழகத்தின் செயலாளர். குற்றம், போதிய சுழல்வாயில்கள் இருப்பதை உறுதிசெய்யத் தவறியது. தண்டம் 6,500 பவுண். அரச அதிகாரிகள் விசாரணைகளில் உண்மை பேசுவதைச் சட்டக் கடமையாக்கும் ‘ஹில்ஸ்பரோ சட்டம்’ என்ற சட்டமூலம் 2025 செப்டெம்பரில்தான் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது.

உண்மை தெரிந்த பின்னும் யாரும் பொறுப்பேற்காத நிலை எப்படியிருக்கும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நின்ற இடம் ஆசனமானது, ஆசனம் விலையானது

டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. பெரிய அரங்குகளில் எல்லோரும் இருந்து பார்க்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. வேலிகள் அகன்றன. 1994 அளவில் மேல்நிலைக் கழகங்களின் அரங்குகள் ஆசனமயமாயின. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓர் இடம். உயிருக்கு அது காவல்.

ஆசனம் என்பதற்காக விலை எட்டாத உயரத்துக்குப் போக வேண்டியதில்லை என்றும் டெய்லர் எழுதியிருந்தார். ஐப்ரொக்ஸில் ஆசனம் 6 பவுண், நிற்கும் இடம் 4 பவுண் என்று உதாரணமும் காட்டினார். அவரது முதல் பரிந்துரையை எடுத்துக்கொண்ட கழகங்கள் இரண்டாவதை மறந்தன. துறைமுகத் தொழிலாளியும் அவர் மகனும் நின்ற இடத்தில் வசதி படைத்தவர்களின் ஆசனங்கள் வந்தன.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2016 பெப்ரவரி 6ஆம் திகதி, லிவர்பூல் கழகம் புதிய பகுதியின் உயர்ந்த சீட்டு விலையை 77 பவுண் என்று அறிவித்ததை எதிர்த்து, ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 பேர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2-0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல் இரண்டு கோல் வாங்கிச் சமநிலையில் முடித்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு பிரீமியர் லீக் வெளியூர்ச் சீட்டுகளுக்கு 30 பவுண் என்ற உச்சவரம்பு விதித்தது. அதுவும் நெடுநாள் போராட்டத்தின் பலன். 2022-23 பருவத்திலிருந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கைப்பிடிக் கம்பி வைத்த பாதுகாப்பான நிற்கும் பகுதிகளும் அனுமதிக்கப்பட்டன. ஜெர்மனியில் நிற்கும் இடம் ஒழியவேயில்லை. டோர்ட்முண்ட் அரங்கின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள்.

உலகக் கிண்ணம் எதிர்த்திசையில் போகிறது. 2026 போட்டிகளுக்காக 2025 செப்டெம்பரில் அறிவிக்கப்பட்ட ஆரம்ப விலைகள் 60 டொலரில் தொடங்கி இறுதிப்போட்டிக்கு 6,730 டொலர் வரை போயின. கேள்வி கூடினால் விலையும் கூடும் முறை அது. எதிர்ப்பு வலுத்த பின்னர், தகுதிபெற்ற நாடுகளின் ரசிகர்களுக்கென்று ஒவ்வொரு போட்டிக்கும் 60 டொலர் சீட்டுகள் கொஞ்சம் ஒதுக்கப்பட்டன.

பாரிஸ்: அதே பழி மறுபடியும்

இனி என் மூன்று வரிச் செய்திக்குத் திரும்புகிறேன். அந்த இறுதிப்போட்டி முதலில் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் நடக்க இருந்தது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் பாரிஸுக்கு மாற்றப்பட்டது. தயாராகக் கிடைத்தது மூன்று மாதம். அன்று ஒரு ரயில் பாதையில் வேலைநிறுத்தம். சனம் இன்னொரு ரயிலில் வந்து இறங்கி, நெடுஞ்சாலையின் கீழே ஒடுங்கிய ஒரு வழிக்குள் தள்ளப்பட்டது. அங்கேயே சீட்டுப் பரிசோதனையும் வைத்திருந்தார்கள். மணித்தியாலக்கணக்காகச் சனம் நகரவில்லை. பூட்டிய வாயில்களின் முன்னால் நின்றவர்கள் மீது கண்ணீர்ப்புகை அடிக்கப்பட்டது. அவர்களில் 1989இல் ஹில்ஸ்பரோவில் உயிர் தப்பியவர்களும் இருந்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் பிரெஞ்சு உள்துறை அமைச்சர் ஜெரால்ட் டர்மனன், 30,000 முதல் 40,000 வரையான ஆங்கிலேய ரசிகர்கள் சீட்டில்லாமலோ போலிச் சீட்டுடனோ வந்ததே காரணம் என்றார். வாயிலின் கருவிகளில் பிடிபட்ட போலிச் சீட்டுகள் மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. அரங்கின் கண்காணிப்புக் கமராப் பதிவுகளை அதிகாரிகள் யாரும் கேட்டு வாங்காததால் அவை ஏழு நாளில் தானாக அழிந்துவிட்டன என்ற செய்தி செனட் விசாரணையில் வெளிவந்தது.

ஆனால் இம்முறை ரசிகர்களின் கைகளில் தொலைபேசி இருந்தது. ஆயிரக்கணக்கானோர் நேரத்தோடு காணொளிகளையும் சாட்சியங்களையும் கொடுத்தார்கள். 2022 ஜூலையில் பிரெஞ்சு செனட் அறிக்கை பழியை ரசிகர்கள் மீது போட்டது நியாயமல்ல என்றது. 2023 பெப்ரவரியில், யூயெஃபா நியமித்த சுயாதீனக் குழுவே, முதன்மைப் பொறுப்பு யூயெஃபாவுடையது என்று முடிவுசெய்தது. உயிரிழப்பு ஏற்படாதது அதிர்ஷ்டம் மட்டுமே என்ற பொருளிலும் எழுதியது. சீட்டுக் காசு திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஹில்ஸ்பரோவுக்கு 27 ஆண்டுகள் எடுத்த உண்மை பாரிஸுக்கு ஒன்பது மாதத்தில் வந்தது.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. சீட்டில்லாமல் நுழைபவர்களே இல்லை என்பதல்ல என் வாதம். 2021 ஜூலை 11ஆம் திகதி வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதிப்போட்டியில் சுமார் 2,000 பேர் சீட்டின்றி உள்ளே புகுந்தார்கள். பரனஸ் கேசியின் மீளாய்வு அவர்களைக் கடுமையாகக் கண்டித்தது. அதே அறிக்கை, அப்படி ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடாததையும் கண்டித்தது. எண்ணி, விசாரித்து, ஆதாரத்தோடு சொன்னால் அது கண்டுபிடிப்பு. சனம் இன்னும் வாயிலில் நெரிபடும்போதே சொன்னால் அது பழி. அந்த இரவில் நான் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள்

எங்கள் உறவுகள் பலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்து பெரிய போட்டிகளுக்குப் போகிறார்கள். அவர்களோடு கதைத்ததிலிருந்து:

சீட்டைக் கழகத்திடமோ போட்டியை நடத்தும் அமைப்பிடமோ மட்டும் வாங்குங்கள். மறுவிற்பனையும் அவர்களின் சொந்தத் தளத்தின் வழியாகவே இருக்கட்டும். சமூக ஊடகத்தில் அறிமுகமில்லாதவருக்குக் காசு அனுப்ப வேண்டாம்.

சீட்டில் உள்ள வாயில் இலக்கத்தை முதலே பார்த்து, பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். பிரிந்துபோனால் சந்திக்க ஓர் இடத்தை அரங்குக்கு வெளியே தீர்மானியுங்கள்.

முன்னால் நகராமல் பின்னால் இருந்து தள்ளு கூடினால், நெஞ்சுக்கு முன்னால் கைகளை மடித்து மூச்சுக்கு இடம் விடுங்கள். முடிந்தால் பக்கவாட்டில் வெளியேறுங்கள். எந்தப் போட்டியும் அதைவிடப் பெரியதல்ல.

எத்தனை மணிக்கு வந்தீர்கள், எங்கே மறிக்கப்பட்டீர்கள் என்பதை அன்றிரவே எழுதிவையுங்கள். படமும் காணொளியும் அழிக்க வேண்டாம். பயன்படுத்திய சீட்டை எறிய வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதை எனக்குக் கற்றுத்தந்தவர் அந்த அண்ணாதான். போன முறை லண்டனில் இருந்து வந்தபோது ஒரு கடித உறையைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே பாரிஸ் சீட்டு. அவர் உள்ளே போகும்போது ஆட்டம் தொடங்கியிருந்தது. சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் இரண்டு நேரங்கள் எழுதியிருந்தார்: வரிசைக்கு வந்தது 18.05, உள்ளே போனது 21.50.

“காசு திருப்பித் தந்திட்டாங்கள் எல்லே, பிறகேன் இதை வச்சிருக்கிறியள்?” என்று கேட்டேன்.

“அது காசுக்கு வச்சிருக்கிறதில்லை,” என்றார். “நான் பிந்தி வரேல்லை எண்டதுக்கு.”